நூற்றவளுக்கு வந்த பெயர்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேச்சு: ஸ்பின்ஸ்டர். மணமாகாத பெண் என்று அகராதி சொல்லும். ஆனால் ஆங்கிலேயர்கள் அதைச் சொல்லும்போது, 'வயசாகிவிட்டது, இனி யார் கட்டிக்கொள்ளப்போகிறார்கள்' என்ற இளக்காரமும் சேர்ந்தே வரும்.

14ஆம் நூற்றாண்டில் இதற்கு நூல் நூற்பவள் என்றுதான் பொருள். ஸ்பின் என்றால் நூற்பது. 'ஸ்டர்' என்பது பழைய ஆங்கிலத்தில் தொழில் செய்யும் பெண்ணைக் காட்டும் விகுதி. வெப்ஸ்டர் நெய்கிறவள், பேக்ஸ்டர் ரொட்டி சுடுகிறவள், ப்ரூஸ்டர் பீர் காய்ச்சுகிறவள். பின்னால் இவை ஆண்களுக்கும் வழங்கி, குடும்பப் பெயர்களாகிவிட்டன. மீசை வைத்த வெப்ஸ்டர்கள் எத்தனை பேர்!

அந்தக் காலத்தில் ஒரு தறிக்கு ஈடுகொடுக்கப் பல பேர் நூற்க வேண்டும். கம்பளித் துணிதான் இங்கிலாந்தின் பெரிய வியாபாரம். அதனால் நூற்கத் தெரிந்தவளுக்குக் கூலி கொஞ்சமாவது உண்டு.

சரி, கல்யாணம் எங்கே வந்து நுழைந்தது? பத்திரங்களில். அங்கே பெயருக்குப் பின்னால் தொழிலையோ அந்தஸ்தையோ எழுதுவது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் மணமாகாத பெண்ணுக்கு 'ஸ்பின்ஸ்டர்' என்று எழுதுவது நிலைத்துவிட்டது. அவள் ராட்டையைத் தொட்டே பார்க்காதவளாக இருக்கலாம், அதைப் பற்றி எழுத்தருக்கு என்ன?

வேடிக்கை என்னவென்றால், இளக்காரத்துக்கு ஆளான இவளுக்குத்தான் அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் உரிமை அதிகம். கல்யாணமான பெண்ணின் நகை, பணம், பண்டம் எல்லாம் கணவனுடையதாகிவிடும். அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. ஸ்பின்ஸ்டர் சொத்து வைத்துக்கொள்ளலாம், கடை நடத்தலாம், கோர்ட்டுக்கும் போகலாம். மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுமையாக வந்தது. யார் யாரைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன. ஹார்கிரீவ்ஸின் 'ஜென்னி' என்ற நூற்பு இயந்திரம் வந்தது 1764 வாக்கில், ஆர்க்ரைட் தன் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1769இல். வீட்டில் உட்கார்ந்து நூற்றவர்களின் பிழைப்பு போனது. தொழிலே போன பிறகு, அந்தச் சொல்லில் மிஞ்சியது ஏளனம்தான்.

2005 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேடுகளிலிருந்து ஸ்பின்ஸ்டரை எடுத்துவிட்டார்கள். கூடவே 'பேச்சிலரும்' போனது. இப்போது இருவருமே 'சிங்கிள்'. ஆனால் பேச்சிலருக்கு என்ன குறை? திருவல்லிக்கேணியில் அவன் பெயரில் ரூமே வாடகைக்குக் கிடைக்கிறது.