கூட்டம் கலைந்த பிறகு என்ன நடந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கம் வேரூன்றப் பெரிதும் காரணம் அவருடைய பிரசங்கமா, அவர் அமைத்த சிறு குழுக்களா?" இதுதான் தலைப்பு. வெஸ்லி 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிறிஸ்தவப் போதகர்; மெதடிஸ்ட் இயக்கம் அவர் தொடங்கிய கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கம். சிறு குழுக்களே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் உருக்கமாகப் பேசினார். 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் ஏறத்தாழ 3,000 பேர் முன்னால் வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கித்ததைச் சொன்னார். 1742-இல் பிறந்த ஊரான எப்வொர்த்தில், ஆலயத்தில் பேச இடம் மறுக்கப்பட்டதும் தகப்பனாரின் கல்லறைமேல் ஏறி நின்று பேசியதையும் சொன்னார். கேட்ட எனக்கும் சிலிர்த்தது. ஆனால் கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது? அண்ணன் அதைத் தொடவே இல்லையே!

நான் சொல்கிறேன். அதே 1742, பிப்ரவரி மாதம். பிரிஸ்டலில் கட்டிய கூடத்துக்குக் கடன் பாக்கி நிற்கிறது. என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுகிறார்கள். கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்கிறார், ஃபாய் என்ற கேப்டன். பல பேர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்கிறார் இன்னொருவர். அதற்கு அந்தக் கேப்டன் என்ன சொன்னார் தெரியுமா? இருப்பதிலேயே ஏழையான 11 பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், கொடுத்தால் சரி, கொடுக்க முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே போடுகிறேன் என்றார். நடுவர் அவர்களே, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் கேப்டனைப் போலவே காசு வாங்கப் போனவர்கள் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பார்த்தார்கள். இன்னொருவர் குடித்திருந்தார். வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை நாளாக நமக்குத் தேவைப்பட்டது இதுதான் என்று அவருக்குச் சட்டென்று பட்டது. பென்னி வசூல், ஆளை விசாரிக்கும் 'வகுப்பு' ஆனது. யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வழி தவறினார்கள் என்று பார்த்துக்கொள்ள, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் இருந்தார்.

பேச்சுதான் காரணம் என்றால், வெஸ்லியைத் திறந்தவெளிப் பிரசங்கத்துக்கு இழுத்து வந்த ஜார்ஜ் விட்ஃபீல்டு அவரைவிடப் பெரிய பேச்சாளர் ஆயிற்றே! வெஸ்லியுடையதைப் போல ஓர் இயக்கம் அவர் பெயரில் நிற்கிறதா? தம் மக்கள் மணல்கயிறாகப் போனார்கள் என்று கடைசியில் அவரே வருந்தியதாகச் சொல்வார்கள்.

வெஸ்லியின் நாட்குறிப்பே எங்களுக்குச் சாட்சி. 1763-இல் வேல்ஸின் பெம்புரோக்‌ஷயரில் நிலைமையைப் பார்த்து நொந்து எழுதுகிறார். அங்கே இருபது ஆண்டுகளாகப் பிரசங்கத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒழுங்கான குழுக்கள் இல்லை. விளைவு, பிரசங்கம் கேட்டு மனம் விழித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னைவிட ஆழ்ந்து தூங்கிவிட்டார்கள் என்கிறார். அண்ணன் இதற்குப் பதில் சொல்லட்டும்.

1791 மார்ச் 2-ஆம் தேதி, 87 வயதில், அந்தக் குரல் ஓய்ந்தது. அப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக 70,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். குரல்தான் அவர்களைக் கட்டி வைத்திருந்தது என்றால், அதோடு கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை, பெருகினார்கள். தீர்ப்பு எழுதும்போது அந்த 11 வீடுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.