ஃபிரிட்ஜில் மூன்று டம்ளர்

வணக்கம் நேயர்களே.

நேற்று ராத்திரி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று சின்ன எவர்சில்வர் டம்ளர்களை வைத்தேன். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் நெய், ஒன்றில் நல்லெண்ணெய். காலையில் எடுத்துப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. கரண்டியால் தட்டினால் டக் டக்கென்று சத்தம். நெய் மெழுகு மாதிரி. நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் சோம்பலாக, ஆனாலும் சாய்த்தால் வழிகிற பதத்தில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பல வருஷம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சோதனை செய்யாமல் பேச்சு வராது, மன்னிக்க வேண்டும்.

எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்ததும், “தம்பி, நான் எண்ணெயையே நிறுத்திட்டேன்” என்றார். தாளிப்பு கிடையாது. கீரையை உப்புப் போட்டு அவித்து அப்படியே சாப்பிடுகிறார். சரி, நல்ல மனவுறுதி என்று நினைத்தேன். அப்புறம் மேசையைப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் டின், பக்கத்தில் கலந்து குடிக்கும் காப்பித்தூள் பாக்கெட்டுகள். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால், சர்க்கரைக்கு அடுத்தபடியாக ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு. வாணலியில் இருந்த எண்ணெயை விரட்டிவிட்டு, கோப்பையில் வந்த கொழுப்பை உட்கார வைத்துவிட்டார் அக்கா.

அவரைக் குறை சொல்லவில்லை. கொழுப்பு என்றாலே இடுப்பில் சேருவது, குழாயை அடைப்பது என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். “அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்று திட்டவே வைத்திருக்கிறோம் அந்தச் சொல்லை. ஆனால் நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி நிற்கிற சவ்வு, பெரும்பாலும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்ற கணக்கே கிடையாது.

ரசத்தின் மேல் மிதக்கிற எண்ணெய்க் கண்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண் பக்கத்தில் வந்தால் சட்டென்று ஒன்றாகிவிடும். தண்ணீரிடமிருந்து ஒதுங்கத்தான் அந்த அவசரம். சவ்வில் இருக்கும் கொழுப்புக்கு ஒரு தலையும் இரண்டு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் இரண்டு வரிசையாக நின்று, வால்களை உள்பக்கம் மறைத்து, தலைகளை வெளியே நீட்டிக்கொள்கின்றன. இந்த இரட்டை வரிசையின் தடிமன் சுமார் ஐந்து நேனோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைப் பதினைந்தாயிரம் பங்கு போட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு.

இது இரட்டை வரிசை என்று கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1925-ல் ஹாலந்தில் கோர்ட்டர், கிரெண்டெல் என்று இருவர், சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, தண்ணீர் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆக, இரண்டு அடுக்கு! வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கொழுப்பையும் முழுசாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்ட, விடை சரியாக வந்துவிட்டது. என் மாணவர்கள் பரீட்சையில் இதே முறையைப் பலமுறை முயன்றிருக்கிறார்கள். இந்த அதிர்ஷ்டம் யாருக்கும் அடித்ததில்லை.

டம்ளருக்கு வருகிறேன். நிறைவுற்ற கொழுப்பின் வால், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நேரானது. நெருக்கி அடுக்கலாம், அதனால் சீக்கிரம் உறையும். தேங்காய் எண்ணெயில் பத்துக்கு எட்டு பங்குக்கும் மேல் இந்த வகைதான். சுமார் 24 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் நிறைவுறாத கொழுப்பு. அதன் வாலில் முழங்கால் மடக்கின மாதிரி ஒரு வளைவு இருக்கும். வளைந்த குச்சிகளைக் கட்டாகக் கட்டிப் பாருங்கள், இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் நெகிழ்வு.

அதற்காகத் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டால் ரத்தக் குழாயில் உறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பாதீர்கள். உடம்பின் சூடு 37 டிகிரி. நிறைவுற்ற கொழுப்பு கெடுதல் செய்கிற வழி வேறு. கல்லீரல் அணுக்களின் சவ்வில், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பை நிறையச் சாப்பிட்டால் அந்தக் கைகள் குறைகின்றன. கை குறைந்தால் எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றும். கொலஸ்ட்ரால் சவ்வுக்குத் தேவையான பொருள்தான், ரொம்ப இளகாமலும் ரொம்ப இறுகாமலும் காப்பது அதுதான். அக்காவின் ரிப்போர்ட்டில் வந்த சிக்கல், அது ரத்தத்தில் தேங்கி நின்றது.

சவ்வு நெகிழ்வாக இருப்பது ஏன் முக்கியம்? ஒரு சிவப்பணுவின் அகலம் ஏழு, எட்டு மைக்ரான். அது நுழைய வேண்டிய நுண்குழாய்கள் சில இடங்களில் அதைவிடக் குறுகல். மாலை நேர எம்ஆர்டி ரயிலில் நாம் உடம்பை ஒடுக்கி ஏறுகிற மாதிரி, மடங்கி நுழைந்து மறுபக்கம் நிமிர வேண்டும். சுமார் 120 நாள் ஆயுளில் ஓயாமல் இதே வேலை.

சவ்வு மொத்தத்தில் எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும் என்பதை உடம்பே கவனித்துக்கொள்ளும். ஆனால் ஒமேகா-3, ஒமேகா-6 என்ற நிறைவுறாத கொழுப்புக் குடும்பங்களின் மூலக் கொழுப்பு இரண்டையும் உடம்பால் செய்யவே முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். 1929-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி, எலிகளுக்குத் துளிக் கொழுப்பும் இல்லாத தீனி போட்டார்கள். வாலில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது, வளர்ச்சி நின்றது, குடித்த தண்ணீர் தோல் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. சில துளி கொழுப்பமிலம் கொடுத்ததும் தேறின. அக்காவிடம் இதைச் சொன்னபோது முதலில் தன் கையைத்தான் தடவிப் பார்த்தார். அக்கா, பிஸ்கட் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கதி வராது, பயப்படாதீர்கள்.

இந்த ஒமேகா-3 எங்கே கிடைக்கும்? மீனில். குளிர்ந்த கடலில் திரியும் மீனின் சவ்வு உறையாமல் இருக்க வளைவு நிறைந்த கொழுப்பு வேண்டும். ஒமேகா-3 என்றாலே சால்மன் என்று பேர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சால்மன் விலைக்கு ஏங்க வேண்டாம். தேக்கா சந்தையில் மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். பொரித்தெடுத்தால் பாதி லாபம் வாணலியோடு போய்விடும் என்பது என் அபிப்பிராயம். சைவக்காரர்களுக்கு ஆளி விதை, வால்நட் உண்டு. அதிலுள்ள ஒமேகா-3-ஐ மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய வகையாக உடம்பு கொஞ்சம்தான் மாற்றும், ஆனாலும் கொஞ்சம் கொஞ்சம்தானே. மாற்றம் நாளைக்கே தெரியாது. பழைய சிவப்பணுக்கள் போய்ப் புதியவை வர மூன்று, நான்கு மாதம் ஆகும்.

இன்னொரு வகையும் இருக்கிறது, டிரான்ஸ் கொழுப்பு. நிறைவுறாததுதான், ஆனால் பாதி ஹைட்ரஜன் ஏற்றும்போது வளைவு நிமிர்ந்து, நேர் குச்சி மாதிரி ஆகிவிடும். எல்டிஎல்லைக் கூட்டி, நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கும். பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை 2021 ஜூனிலிருந்து சிங்கப்பூரில் உணவில் சேர்க்கத் தடை. நல்ல வேலை. ஆனால் அக்காவின் பாக்கெட் சட்டப்படி சரியானதே. முழுக்க ஹைட்ரஜன் ஏற்றினால் டிரான்ஸ் போய்விடும், நிறைவுற்றது வந்துவிடும்.

பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று போடும் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு சர்க்கரைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறோம். நிறைவுற்ற கொழுப்பும் அதில் கணக்கு. 100 மில்லிலிட்டருக்கு 2.8 கிராமைத் தாண்டினால் சர்க்கரையே இல்லாவிட்டாலும் கடைசித் தரமான டி தான். சமையல் எண்ணெய்க்கும் 2027 நடுவிலிருந்து இந்த முறை வரும் என்று 2024-ல் சுகாதார அமைச்சு அறிவித்தது.

அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கீரைக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளியுங்கள். கீரையில் இருக்கும் கரோட்டினும், வைட்டமின் ஈ, கே எல்லாமும் எண்ணெய் இல்லாமல் உடம்பில் சரியாக ஏறாது. கிராமுக்கு ஒன்பது கலோரி என்பதால் கரண்டிக் கணக்கு மட்டும் தவற வேண்டாம். காப்பியில் பால் ஊற்றிக்கொள்ளுங்கள், பாக்கெட் வேண்டாம். பிஸ்கட் டின்னைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அதை அவர் பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டார்.

அந்த மூன்று டம்ளரும் இன்னும் ஃபிரிட்ஜின் பின்பக்கம்தான் இருக்கின்றன. காலையிலிருந்து என் மனைவி அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த நிகழ்ச்சியையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வணக்கம்.