25 சதவீதம் போதுமா?

(2024 டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்த மேடையை விட்டு இறங்கி வந்த ஒன்றியத் தலைவர் அவர்களே, பந்தல்கார அண்ணன், மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். மேடைக்கு ஐந்து படி, சாய்தளம் கிடையாது. அதனால்தான் கீழே நின்று பேசுகிறேன். பரவாயில்லை, உங்கள் முகமெல்லாம் இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.

உதவித்தொகை, வேலைவாய்ப்பு, பேருந்து என்று மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன். முதலில் உதவித்தொகை.

"முதியோர் பணம் மாதிரி இதுவும் ஒண்ணுதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவைப் பாருங்கள். இதே போன்ற திட்டத்தில் மற்றவர்களுக்குத் தருவதைவிட எங்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தரவேண்டும். ஏன்? நீங்கள் டவுன் பஸ்ஸில் போகிற இடத்துக்கு நான் ஆட்டோ பிடிக்கணும். என் ஊன்றுகோலுக்கு ரப்பர் தேயும். சட்டம் இவ்வளவு தெளிவு. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே!

என் கதையையே கேளுங்கள். போலியோவில் வலது கால் சூம்பி நாற்பது வருஷம். மருத்துவக் குழு முன்னால் போய் நின்றேன். டாக்டர் 70 சதவீதம் என்று எழுதினார். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகைக்கு 75 வேண்டும்.

"மீதி அஞ்சு எங்கே சார்?"

"இடது கால் நல்லாத்தானே இருக்கு?"

"அது ரெண்டு காலுக்கும் சேர்த்து உழைக்குது சார்."

சிரித்தார், மாற்றவில்லை. அதுவும் தற்காலிகச் சான்றாம், ஐந்து வருஷம் கழித்துத் திரும்ப வரணுமாம். வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள். "அஞ்சு வருஷத்துல கால் முளைக்குதான்னு பார்க்கணுமாம்" என்றேன். அம்மா அசரவில்லை. "அப்போ அந்தத் தேயாத வலது செருப்பையெல்லாம் தூக்கிப் போட்டுடாதேடா!"

சரி, கணக்குக்கு வருவோம். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ஆனது. அந்த 75 கிடைக்காமல் என் போல வருவாய்த் துறையில் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு 1,500. அதே வருஷம் ஆகஸ்டில் முதியோருக்கு 1,200. 1,200இல் கால் பங்கு 300, கூட்டினால் 1,500. சட்டம் சொன்ன 'குறைந்தது' மட்டும், அளந்து வைத்த மாதிரி, ஒரு ரூபாய் கூடுதலாகச் சிந்தவில்லை! மத்திய அரசு தருவதோ 2012இலிருந்து அதே 300, அதுவும் 80 சதவீதம் ஊனம் இருந்தால்.

திருத்தணியைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து முதியோருக்கு 4,000, மாற்றுத்திறனாளிக்கு 6,000, படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு 15,000. எல்லையைத் தாண்டினால் இதே காலுக்கு நாலு மடங்கு! அங்கேயும் பூசாரி இருக்கிறார், இடம் கொடுத்திருக்கிறார். இங்கேயும் 6,000 வேண்டும் என்பதுதான் நம் சங்கத்தின் கோரிக்கை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வேலைவாய்ப்பும் பேருந்தும் அடுத்த வருஷம். மனு இதோ இந்த மேசையில் இருக்கிறது. கைநாட்டும் வைக்கலாம். மேடையில் இருக்கிற பெரியவர்களும் போடணும். நான் மேலே வர முடியாது. ஐயா, நீங்கள்தான் ஐந்து படி இறங்கி வரவேண்டும். நன்றி, வணக்கம்.