ரிச் என்றால் பணம் மட்டும்தானா?

வணக்கம் தம்பிகளே, தங்கைகளே. மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து பேசுகிறேன். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு நெருங்க நெருங்க, ஆங்கிலக் கட்டுரையில் எப்படியாவது நாலு பாம்பாஸ்டிக் சொல்லை, அதாவது ஆடம்பரமான சொல்லை, போட்டுவிட வேண்டும் என்று எல்லாரும் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரியை இன்றைக்குப் பார்ப்போம். இடப்பக்கம் ரிச். வலப்பக்கம் அதற்குப் பதிலாகப் போடலாம் என்று வெல்தி, அஃப்லுவன்ட், ஆப்யுலன்ட், ஃபெர்டைல், சம்ப்சுவஸ் என்று அடுக்கியிருக்கும். எதை எடுத்து எங்கே வைத்தாலும் சரிதான் என்று தோன்றும். சரியில்லை. ஒருவர் கட்டுரையில் ‘அஃப்லுவன்ட் சாயில்’ என்று எழுதியிருந்தார். இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டலும் சரி. ஆனால் மண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். படிக்கிற ஆசிரியருக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும், இது பட்டியலிலிருந்து வந்தது என்று.

முதலில் ரிச் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அதிகாரம் உள்ளவன், வலியவன்’ என்றுதான் பொருள். லத்தீனில் அரசனைக் குறிக்கும் ரெக்ஸ், நாம் சொல்லும் ராஜா, இந்த ரிச், மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அதிகாரம் இருக்கிற இடத்தில் சொத்து சேரும் இல்லையா, பொருளும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்புறம் பணத்தையும் தாண்டி, ஏதாவது ஒன்று நிறைந்து கிடக்கிற எல்லாவற்றுக்கும் ரிச் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதனால் இந்தச் சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே நிறைந்திருப்பது எது?

மண்ணையே எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரத்தில் இரண்டு வகை மண் இருக்கிறது. பாகான் டத்தோ பக்கம் கடலோரக் களிமண். தென்னையும் செம்பனையும் நன்றாக வருகிற மண். அதை ரிச் சாயில் என்று தாராளமாக எழுதலாம், ஃபெர்டைல் சாயில் என்றும் எழுதலாம். இன்னொன்று கரிமண், பீட். கையில் அள்ளிப் பாருங்கள்: கன்னங்கரேல் என்று, ஈரத்தைக் குடித்த பஞ்சு மாதிரி இருக்கும், மட்கிய வேர்த்துணுக்குகள் விரலில் ஒட்டும். பார்த்த மாத்திரத்தில் ரிச் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது புளிப்புத் தன்மை கூடிய மண். செம்பும் துத்தநாகமும் அதில் குறைவு. செம்பனைக்கு அவற்றைத் தனியாக உரமாகப் போட வேண்டும். அப்படியானால் என்ன எழுதுவது? ‘ரிச் இன் ஆர்கானிக் மேட்டர்’ என்று எழுதினால் உண்மை, ஏனென்றால் மட்கிய தாவரப் பொருள் அதில் நிறையவே இருக்கிறது. ஃபெர்டைல் என்று எழுதினால் பொய். ரிச்சுக்கும் ஃபெர்டைலுக்கும் உள்ள இடைவெளி உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது பாருங்கள். கூடவே அந்த ‘இன்’னையும் கவனியுங்கள். ரிச் இன் வைட்டமின் சி, ரிச் இன் அயர்ன். எதில் வளம் என்று சொல்ல வந்தால் பின்னால் இன்தான் வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ரிச் ஃபூட் என்றால் விலை கூடிய சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். நெய், வெண்ணெய், முட்டை, தேங்காய்ப்பால் என்று கொழுப்புச் சத்து நிறைந்த சாப்பாடு. மருத்துவர் ரிச் ஃபூட் வேண்டாம் என்றால், ஒரு வெள்ளி கொடுத்து வாங்குகிற பலகாரமும் அதில் அடங்கும். மலாயில் லெமாக் என்கிறோமே, அதற்கு மிக நெருங்கிய ஆங்கிலச் சொல் இதுதான். கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிய நண்டுக் குழம்பு, ரிச் கிரேவி. சம்ப்சுவஸ் என்றால் வேறு: செலவைப் பார்க்காமல் பரிமாறிய விருந்து. லத்தீனில் செலவு என்ற சொல்லிலிருந்தே அது வந்தது. ஒரு கிண்ணக் குழம்பை சம்ப்சுவஸ் என்று எழுதாதீர்கள். கல்யாணப் பந்திக்கு எழுதுங்கள்.

மோட்டார் பட்டறையிலும் இந்தச் சொல் உண்டு. பழைய கார்புரேட்டர் கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சில நேரம் கரி படிந்திருக்கும். ‘மிக்ஸ்சர் ரிச்’ என்பார்கள். பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதைவிடக் குறைந்து பெட்ரோல் கூடினால் ரிச். காற்று கூடினால் லீன். இங்கே ரிச்சின் எதிர்ச்சொல் புவர் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த பயன்பாடு, ஏனென்றால் எதிர்ச்சொல்லைத் தேடும்போதுதான் ஒரு சொல்லின் பொருள் தெளிவாகப் பிடிபடுகிறது.

நிறமும் குரலும் சுருக்கமாக. அரக்குப் பட்டு ரிச் கலர். கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை விவிட். ஆழம் இருந்தால் ரிச், பளிச்சென்று இருந்தால் விவிட். தேவாரம் பாடுகிற ஓதுவாரின் கனத்த குரல் ரிச் வாய்ஸ். அதற்கு ரெசனன்ட் என்றும் போடலாம்.

சரி, இப்போது பணம். ஒருவருக்குக் கையில் நிறையப் பணம் இருக்கிறது, ரிச். சொத்து, நிலம், பல காலமாகச் சேர்ந்த செல்வம், வெல்தி. அஃப்லுவன்ட் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கோ வட்டாரத்துக்கோ பொருந்தும். லத்தீனில் ‘நோக்கிப் பாய்வது’ என்று பொருள். பெரிய ஆற்றில் வந்து சேரும் துணையாற்றையும் ஆங்கிலத்தில் அஃப்லுவன்ட் என்று சொல்வதுண்டு. நம் பேராக் ஆற்றுக்குக் கிந்தா ஆறு ஓர் அஃப்லுவன்ட். ஆப்யுலன்ட் கண்ணில் படுகிற ஆடம்பரம்: மாளிகை, மண்டபம். வெல்-ஆஃப் என்றால் கஷ்டமில்லாமல் வாழ்கிறவர், அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்து படித்து, சொந்த வீடு வாங்கியவரை வெல்-ஆஃப் என்று எழுதினால் பொருத்தம். ஆப்யுலன்ட் என்று எழுதினால் அவரையே தவறாகக் காட்டிவிடுகிறீர்கள்.

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர், ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்த தன் தெசாரஸை வெளியிட்டபோது சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை, கருத்துவாரியாகப் பிரித்தார். தெசாரஸ் என்றால் கிரேக்கத்தில் கருவூலம். அங்கே போய்த் தேடுங்கள். எடுத்த சொல்லை அகராதியில் போட்டு, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அதன் பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் நிற்கிறது என்று பாருங்கள். அதே பெயர்ச்சொல்லோடு சேர்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிப்பதற்குள் தேர்வுக்கு இரண்டு விஷயம். தி ரிச் என்று தனியாக வந்தால் பணக்காரர்கள் எல்லாரும் என்று பொருள், அதனால் பின்னால் ஆர்தான் வரும், இஸ் வராது. பேச்சில் யாராவது ‘தட்ஸ் ரிச்’ என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இதை நீ சொல்கிறாயா?’ என்று கேட்கிறார்கள்.

அடுத்த வீடியோவில் புவர். புவர் சாயில், புவர் ஹெல்த், புவர் திங் என்று மூன்று வாக்கியம் எழுதி வையுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.