உப்புச் சாலையில் 450 கிலோமீட்டர்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கில் உள்ள நமீபியா நாட்டின் வால்விஸ் பே துறைமுகத்தில், சரக்குத் தூக்கும் கிரேன்களைப் பராமரிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகும், அந்த நாட்டுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகிற நம்மவர்கள் என்னிடம் வழி கேட்பது வழக்கமாகிவிட்டது. அண்மையில் என் அக்காள் மகன் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தான். “மாமா, ஸ்வாகோப்முண்டிலிருந்து கடலோரமாகவே வடக்கே போய், பிறகு உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பால்ம்வாக் சேர 450 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம் அல்லவா?” என்று கேட்டான். அவன் சொன்ன தூரம் ஏறத்தாழச் சரிதான். ஆனால் அந்த நேரத்தில் புறப்பட்டிருந்தால், பாதி வழியில் இருக்கும் பூங்கா வாயிலிலேயே அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவனுக்கு அன்று தொலைபேசியில் சொன்னதைத்தான் இன்று உங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பேசப்போவது சி 34 என்று எண்ணிடப்பட்ட சாலையைப் பற்றி. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் நமீபு பாலைவனம். இரண்டுக்கும் நடுவே இந்தச் சாலை வடக்கு நோக்கி ஓடுகிறது. மரம் கிடையாது, நிழல் கிடையாது. ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைச் சேர்த்தாலும் பெரும்பாலான ஆண்டுகளில் 25 மில்லிமீட்டரைத் தாண்டாது. நம் ஊரில் ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டிவிடும் மழை அங்கே ஓர் ஆண்டுக்குக்கூட வாய்ப்பதில்லை.

அந்தக் கடற்கரையில் ஊர்களைவிடத் தூரங்களுக்குத்தான் பெயர்கள் அதிகம். ஸ்வாகோப்முண்டிலிருந்து எத்தனை மைல் என்பதையே இடத்தின் பெயராக வைத்துவிட்டார்கள். மைல் 4, மைல் 14, மைல் 72, மைல் 108 என்பவை மீன்பிடிக்க வருகிறவர்கள் கூடாரம் அடித்துத் தங்கும் இடங்கள். கிலோமீட்டர் கணக்கு வந்த பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. மைல் 108 என்றால் 174 கிலோமீட்டர் என்று வண்டி ஓட்டுகிறவர் மனத்துக்குள் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து 108 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம் என்று எண்ணி எரிபொருள் கணக்கைத் தவறாகப் போட்டவர்களை நானே கண்டிருக்கிறேன்.

ஸ்வாகோப்முண்டிலிருந்து முதல் 70 கிலோமீட்டர் தொலைவில் ஹென்டிஸ் பே என்ற சிற்றூர் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு அண்மை ஆண்டுகளில் தார் போட்டுவிட்டார்கள்; ஆகவே இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊருக்குத் தெற்கே சுமார் 14 கிலோமீட்டரில், ‘செய்லா’ என்ற மீன்பிடிக் கப்பல் அலைகளுக்கு நடுவே துருப்பிடித்து நிற்கிறது. பழைய இரும்புக்கு விலைபேசி மும்பைக்கு இழுத்து வரப்பட்ட கப்பல் அது. 2008 ஆகஸ்டில் இழுவைக் கயிறு அறுந்து கரை ஒதுங்கியது. நம் நாட்டுக்கு வந்து சேர வேண்டிய கப்பல் அங்கே நீர்க்காகங்களுக்கு வீடாகிவிட்டதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் என்னவோ செய்யும்.

ஹென்டிஸ் பேயைத் தாண்டிய பிறகுதான் உண்மையான உப்புச் சாலையைக் காண்கிறோம். நான் தூத்துக்குடிக்காரன், உப்பளத்துப் பாத்திகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஆனாலும் உப்பைக் கொண்டு சாலை போடலாம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாலைவனத் தரையில் ஜிப்சம் கலந்த மண் தாராளமாகக் கிடைக்கிறது. அதைப் பரப்பி, கிரேடரால் சமன்செய்து, செறிவான உப்புநீரைத் தெளித்து, உருளையால் அழுத்துகிறார்கள். நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி, மண் துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சில நாள் வண்டிகள் ஓடியதும் மேற்பரப்பு வழுவழுப்பாகி, டயர் ரப்பரின் கறையும் ஏறி, புதியவர் கண்ணுக்கு அசல் தார்ச்சாலையாகவே தெரியும். பள்ளம் விழுந்தால் மறுபடியும் உப்புநீர் தெளித்துச் சீவினால் போதும். மழை பெய்யாத நாட்டில், கைக்கெட்டிய பொருளைக் கொண்டே சாலை அமைத்த அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் உப்பின் குணத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அடைமழைக் காலத்தில் அடுக்களை ஜாடியில் இருக்கும் கல்லுப்பு தானாகவே கசிந்து நீர்விடும் அல்லவா? காற்றில் உள்ள ஈரத்தை உப்பு ஈர்த்துக்கொள்வதால் அப்படி நேர்கிறது. அந்தச் சாலைக்கும் அதுவேதான் நடக்கிறது. தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் அந்தக் கரையைத் தழுவிச் செல்வதால், கடற்காற்று குளிர்ந்து, அடர்ந்த மூடுபனியாகக் கரைமீது ஏறுகிறது. ஆண்டில் நூறு நாளுக்கும் மேல் இப்படிப் பனி மூடும் இடங்கள் அங்கே உண்டு. இரவெல்லாம் பனியில் நனைந்த உப்புச் சாலை, காலையில் சாணம் மெழுகி ஈரம் காயாத தரையைப் போல் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஹென்டிஸ் பேயைத் தாண்டி, கேப் கிராஸ் நோக்கி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு நரி குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை; பின்பக்கம் மெதுவாக முன்னால் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேனே தவிர, வண்டி என் சொல் கேட்கவில்லை. நின்றபோது சாலையோரச் சரளை மேட்டில், வந்த திசையையே பார்த்து நின்றேன். எதிரே ஒரு வண்டி வந்திருந்தால் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். இறங்கிக் காலை ஊன்றியபோது செருப்பு வழுக்கியது. குனிந்து கட்டைவிரலால் சாலையைத் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் குழைந்த சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. நாவில் வைத்தால் கரித்தது. அதே நாள் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது அதே இடம் சிமென்ட் களம் போல் இறுகிக் கிடந்தது. என் டயர் வரைந்த வளைகோடு மட்டும் அதில் பதிந்து காய்ந்திருந்தது. அன்று முதல், பனி இருந்தால் முகப்பு விளக்கை எரியவிட்டு நாற்பதுக்குள் ஓட்டுவது, அல்லது பனி விலகும்வரை ஊரிலேயே காத்திருப்பது என்று வைத்துக்கொண்டேன். வரைபடத்தில் ஒரே நீளமாகத் தெரியும் அந்த 55 கிலோமீட்டர், விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம். உச்சிவேளையில் முக்கால் மணி நேரம்.

கேப் கிராஸ் என்பது 1486ஆம் ஆண்டு போர்த்துக்கீசிய மாலுமி தியோகோ காவ் கல் சிலுவை நட்ட இடம். இன்று அங்கே கடல்நாய்கள் லட்சக்கணக்கில் கூடுகின்றன. அதைவிட என் மனத்தில் நிற்பது அந்த வழியின் ஓரங்களில் பார்த்த ஒரு காட்சி. பழைய பீப்பாயின் மீதோ பலகையின் மீதோ இளஞ்சிவப்பும் வெண்மையுமான உப்புப் படிகக் கட்டிகளை அடுக்கி வைத்து, பக்கத்தில் ஒரு தகர டப்பாவையும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விற்பவர் இருக்க மாட்டார். பிடித்த கட்டியை எடுத்துக்கொண்டு, எழுதியிருக்கும் விலையை டப்பாவில் போட்டுவிட்டு நாம் போக வேண்டியதுதான்.

ஸ்வாகோப்முண்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் உகாப் ஆற்றின் முகத்துவாரம் வருகிறது. அங்கே இருக்கும் கதவில் மண்டையோடும் எலும்புகளும் வரையப்பட்டிருக்கும். அதற்கு வடக்கே தொடங்குவதுதான் எலும்புக்கூட்டுக் கடற்கரைத் தேசியப் பூங்கா. அங்கோலா எல்லையில் உள்ள குனேனே ஆறுவரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளும். 1971இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடந்து மட்டும் செல்கிறவர்கள் அனுமதிச் சீட்டுப் பெற்று, பிற்பகல் 3 மணிக்கு முன் உள்ளே நுழைந்துவிட வேண்டும். இடையில் இரவு தங்கக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. என் மருமகன் ஒரு மணிக்குக் கிளம்பினால் ஏன் நடக்காது என்பது இப்போது விளங்கியிருக்கும். உகாப் வாயிலிலிருந்து கிழக்கே வெளியேறும் ஸ்பிரிங்போக்வாசர் வாயில்வரை 140 கிலோமீட்டர். அதற்குள் வண்டி நின்றுவிட்டால், இருட்டில் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த வழியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நேரக் கட்டுப்பாட்டைக் கெடுபிடி என்று சிலர் குறைகூறுவார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பூங்காவுக்குள் சாலை உப்பிலிருந்து சரளைக்கு மாறுகிறது. உகாப், ஹுவாப், கோய்காப் ஆகிய ஆறுகளின் படுகைகளை அது கடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அவை வெறும் மணல்தான். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல்வரை உள்நாட்டு மலைகளில் மழை பெய்தால், கடற்கரையில் தலைக்கு மேல் மேகமே இல்லாத நாளில் வெள்ளம் வந்து சாலையை அறுத்துக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் வாயில் காவலரிடம் ஆற்று நிலவரத்தைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

சரளையில் வண்டி ஓட்டுவது தனிப் பழக்கம். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். கூரான கற்கள்மீது டயர் வளைந்து கொடுத்து ஏறும். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டிலும் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன் பார்க்க வேண்டும். எனக்கு ஹுவாப் ஆற்றுக்கு அருகே ஒரு முறை பின் டயர் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்ட ஜாக்கியை வைத்தால் அது மணலில் புதைந்துகொண்டே போனது. வண்டி உயரவே இல்லை. கடைசியில் சமையல் சாமான் வைத்திருந்த பலகைப் பெட்டியை உடைத்து, அதன் பலகையை ஜாக்கிக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்கினேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வண்டிகூட அந்த வழியில் வரவில்லை. கைப்பேசியில் சிக்னலும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சதுரப் பலகை என் வண்டியில் நிரந்தரமாக இருந்தது.

இந்தக் கரையின் மண் எப்படிப்பட்டது என்பதற்கு 1942இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், போர்ச் சரக்குகளுடன் சென்ற ‘டுனிடின் ஸ்டார்’ என்ற பிரிட்டிஷ் கப்பல், சாலையே இல்லாத வடபகுதியில் தரைதட்டியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களை மீட்க உள்நாட்டிலிருந்து கிளம்பிய லாரிகள் மணலிலும் உப்புத் தரையிலும் புதைந்து, தோண்டி எடுக்கப்பட்டு, மீண்டும் புதைந்தன. உதவிக்கு வந்த இழுவைக் கப்பல் ஒன்றும் உடைந்து, அதிலிருந்த இருவர் உயிரிழந்தார்கள். கரையில் தவித்தவர்களில் தரைவழியாக மீட்கப்பட்டவர்கள் விண்ட்ஹுக் நகரை அடைந்தபோது கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது.

டோரா பே அருகே சாலை பிரிகிறது. நேராகப் போனால் சுமார் 50 கிலோமீட்டரில் டெரஸ் பே. அங்கே தங்க முன்பதிவு செய்தவர்கள் மட்டும் போகலாம். வலப்பக்கம் திரும்புவது சி 39. கடலை விட்டு விலகியதும் குளிர் போய் வெப்பம் வந்துவிடும். சாலையும் தகரக் கூரையின் மடிப்புகளைப் போல் அலையலையாக மாறும். மிக மெதுவாகப் போனால் பல் கிட்டுகிற அளவுக்குக் குலுக்கும். வேகமாகப் போனால் சக்கரம் தரையைப் பற்றாது. அறுபது முதல் எழுபதுக்குள் ஒரு வேகத்தில் அது சமனாகும். அந்த வேகத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எரிபொருளைப் பற்றி ஒன்று. ஹென்டிஸ் பேயில் தொட்டியை நிரப்பினால், அடுத்து நம்பிக்கையோடு நிரப்பக்கூடிய இடம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பால்ம்வாக்தான். சரளையில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். கூடுதலாக இருபது லிட்டர் கேனும், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரும் இல்லாமல் நான் உகாப் வாயிலைத் தாண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எவ்வளவு அவசரமானாலும் சாலையை விட்டு இறங்கி ஓட்டக் கூடாது. வெறும் தரையாகத் தெரிவதன்மீது லைக்கன்கள், அதாவது பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிர்கள், பனியை மட்டும் குடித்து, மிக மெதுவாக வளர்கின்றன. பல பத்தாண்டுகளுக்கு முன் ஓடிய சக்கரத்தின் தடம் அங்கே இன்றும் அழியாமல் கிடக்கிறது.

என் மருமகன் மறுநாள் காலை, பனி விலகிய பிறகு எட்டரை மணிக்குக் கிளம்பினான். உகாப் வாயிலில் பன்னிரண்டு மணிக்குப் பெயரும் வண்டி எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறான். ஸ்பிரிங்போக்வாசர் வாயிலில் வெளியேறும் பதிவேட்டில் மீண்டும் கையெழுத்திட்டபோது மணி மூன்றேகால். பால்ம்வாக் போய்ச் சேர்ந்ததும் அழைத்து, “மாமா, ஒரு ஸ்டெப்னி செலவாகிவிட்டது, பலகை உதவியது” என்றான். வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டுத் தூங்கு, உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று சொல்லி வைத்தேன்.

நன்றி, வணக்கம்.