செக்குமாடு எங்கே போய்ச் சேர்ந்தது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் வாழ்த்துரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

மன அமைதியோடும் குறிக்கோளோடும் வாழப் பெரிதும் துணை நிற்பது உயர்ந்த கொள்கையா, அன்றாடப் பழக்கமா என்பது தலைப்பு. பழக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போயிருக்கிறார். பந்தல் அதிரக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறார். "செக்குமாட்டுக்கும் தினசரிப் பழக்கம் உண்டு. ஆயுள் முழுக்கச் சுற்றியும் அது எந்த ஊர் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் ஓர் அடி நகர முடியாது.

அண்ணே, செக்குமாடு ஊர் போய்ச் சேர்வதற்காகவா சுற்றுகிறது? எண்ணெய்க்காகச் சுற்றுகிறது! கோயில் விளக்கில் எரிவது எது? தீபாவளி விடியலில் உங்கள் உச்சந்தலையில் உங்கள் தாயார் வைத்துத் தேய்த்தது எது? அந்த மாடு நடந்த தூரமெல்லாம் எண்ணெயாகி உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அது எங்கேயும் போகவில்லை என்கிறீர்களே!

செக்கடியில் நின்று பார்த்தவர்கள் இந்தப் பந்தலில் நிச்சயம் இருப்பீர்கள். வாகை மரத்தில் கடைந்த உரலில் எள்ளைக் கொட்டி, உலக்கையை இறக்கி, மாட்டைப் பூட்டுவார்கள். முதல் சுற்றுகளில் எள் நொறுங்கும் சத்தம் மட்டும்தான். கொஞ்சம் கழித்துக் கருப்பட்டியை உடைத்துப் போடுவார்கள். அப்போதும் எண்ணெய் வராது. எள் மாவாகி, மாவு சூடேறி, ஓரங்களில் பளபளப்புத் தட்டி, அதன் பிறகுதான் எண்ணெய் கசிந்து மேலே நிற்கும். பாதியில் மாட்டை அவிழ்த்துவிட்டவருக்கு எள்ளும் இல்லை, எண்ணெயும் இல்லை.

மாட்டின் கண்ணைக் கட்டியிருக்கிறார்களே, அதற்கு என்ன குறிக்கோள் என்று அண்ணன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எந்த எள்ளை ஆட்டுவது என்று முடிவு செய்யக் கொள்கை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த முடிவை ஒரு நாளில் எடுத்துவிடலாம். மிச்சமிருக்கிற அத்தனை நாளும் சுற்ற வேண்டியது யார் ஐயா?

நல்ல கொள்கை இல்லாத வீடு எது? நடக்க வேண்டும், கோபத்தைக் குறைக்க வேண்டும், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டுப் பரணைத் திறந்து பழைய டைரிகளைப் பாருங்கள். ஜனவரி முதல் பக்கத்தில் கொள்கை முத்துமுத்தாக இருக்கும். பொங்கலுக்குப் பிறகு வெள்ளைத் தாள். கொள்கை அப்படியேதான் இருந்தது, கைதான் நின்றுபோனது.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இதை இளமையிலேயே கண்டுகொண்டவர். 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டார். அதோடு விட்டிருந்தால் அவரும் நம் டைரிக்காரர்தான். ஒரு சிறிய நோட்டில் குணத்துக்கு ஒரு வரிசை, கிழமைக்கு ஒரு கட்டம் என்று கோடு கிழித்தார். தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு அதில் மட்டும் கண்ணாக இருந்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. சுற்று என்றவுடன் அண்ணன் நிமிர்ந்து உட்காருகிறார். ஆம் அண்ணே, அவரும் சுற்றித்தான் எண்ணெய் எடுத்தார்.

இனி காந்தியடிகளுக்கு வருகிறேன். எதிரணியில் முதலில் பேசிய பேராசிரியை அம்மா, "உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்தியது சத்தியம் என்ற கொள்கை" என்று சொல்லி அவரைத் தங்கள் அணியில் உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா, கொஞ்சம் நகருங்கள், அவரை அழைத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன்.

1930 மார்ச் 12. சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களோடு புறப்படுகிறார். வயது 60. சுமார் 385 கிலோமீட்டர், 24 நாட்கள். வல்லரசை எதிர்க்கப் போகிற அந்தப் படைக்கு அவர் விதித்த கட்டளைகளில் மூன்றைச் சொல்கிறேன்: தினமும் பிரார்த்தனை செய்ய வேண்டும், தினமும் நூல் நூற்க வேண்டும், தினமும் டைரி எழுத வேண்டும். கால் கொப்பளித்த இளைஞனும் எழுத வேண்டும். திங்கட்கிழமை அவருக்கு மௌன நாள், யாத்திரைக்கு ஓய்வு நாள். வழியில் மூன்று திங்கட்கிழமைகள் குறுக்கிட்டன. எந்த நேரமும் கைது வரலாம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் அந்த வழக்கம் மாறவில்லை.

தண்டியில் ஏப்ரல் 6ஆம் தேதி உப்பை எடுத்தார். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் ஆற அமரச் சொல்ல வேண்டும். தண்டிக்குப் பக்கத்தில் கராடி என்ற சிற்றூர். ஓலைக் குடிசை. மே 4ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டிவிட்டது. காந்தி தூங்கிக்கொண்டிருக்கிறார். ஆயுதம் தாங்கிய போலீசாரோடு மாஜிஸ்திரேட் வந்து நிற்கிறார். முகத்தில் டார்ச் வெளிச்சம் அடிக்கிறது. எழுந்தவரிடம் கைது செய்ய வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். காந்தி என்ன செய்தார் தெரியுமா? முழக்கம் போட்டாரா? வந்தே மாதரம் என்றாரா? பல் துலக்கிக்கொள்ள அனுமதி கேட்டார்!

மறுபடியும் சொல்கிறேன், நன்றாகக் கற்பனை செய்து பாருங்கள். சுற்றிலும் துப்பாக்கி. 1827ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டம். அதன்படி விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்கலாம். எத்தனை மாதமோ, எத்தனை ஆண்டோ தெரியாது. அந்த நேரத்தில் 60 வயதுப் பெரியவர் நின்று நிதானமாகப் பல் துலக்குகிறார். மாஜிஸ்திரேட் காத்திருக்கிறார், போலீஸ் காத்திருக்கிறது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே கைகட்டிக் காத்திருக்கிறது, ஐயா, ஒரு மனிதர் வாய் கொப்பளித்து முடிக்கும் வரை! முடித்தாரா? அடுத்து பிரார்த்தனை. பாட்டு முடிந்த பிறகுதான் வண்டியில் ஏறினார்.

நம் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டினால் நமக்குக் கை நடுங்கும், சட்டையில் பொத்தான் மாறும். அவருக்கு ஏன் நடுங்கவில்லை? அகிம்சையின் தத்துவத்தை அந்த நொடியில் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தா தைரியம் பெற்றார்? எழுந்தால் பல் துலக்குவது, பிறகு பிரார்த்தனை. பல ஆண்டுகளாக ஆசிரமத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடித்து எழுந்த உடம்பு அது. போலீஸ் சற்று முன்னதாக எழுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

பேராசிரியை அம்மா சத்தியத்தைப் பற்றியும் அகிம்சையைப் பற்றியும் காந்தி எழுதியவற்றை உருக்கமாக எடுத்துச் சொன்னார்கள். ஆசிரமத்தின் நோன்புகளை ஒவ்வொன்றாக விளக்கி அவர் எழுதிய கடிதங்கள் எப்போது பிறந்தன தெரியுமா? அந்தக் கைதுக்குப் பிறகு, எரவாடா சிறையில், செவ்வாய்க்கிழமை தவறாமல், விடியற்காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எழுதினார். அம்மா, நீங்கள் மேற்கோள் காட்டுவதற்கு அந்தக் கொள்கை விளக்கம் கிடைத்ததே செவ்வாய்க்கிழமைப் பழக்கத்தால்தான்!

நடுவர் அவர்களே, காந்தி மகான், நாம் சாதாரணமானவர்கள் என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா காலமாகி, காரியம் முடிந்து, உறவுகள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டன. வாசல் பல நாட்களாக வெறுமையாகக் கிடந்தது. மறுநாள் விடியலில் அம்மா எழுந்து, வாளித் தண்ணீரில் சாணத்தைக் கரைத்து வாசல் தெளித்தார். எதிர்வீட்டுப் பாட்டி ஓடிவந்து, "இனிமேல் இதெல்லாம் உனக்கு எதற்கு? மருமகளைப் போடச் சொல்" என்றார். அம்மா பதில் பேசவில்லை. குனிந்து புள்ளி வைத்தார். நான்கே நான்கு புள்ளி. அதைச் சுற்றிய இழையும் கோணல். முப்பது ஆண்டுகளாக வளைந்த கை அன்று ஒரு வளைவில் தடுமாறி நின்றது. மாவு கொட்டிவிட்டது. அதைத் துடைக்காமல் அப்படியே விட்டு உள்ளே போனார்.

எந்த அறிவுரையும் அப்போது அம்மாவின் காதில் ஏறவில்லை. "பிறந்தவர் எல்லாம் ஒருநாள் போக வேண்டியவர்தான்" என்று வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். உயர்ந்த உண்மைதான். அம்மா தலையசைத்தார், சாப்பிடவில்லை. ஆனால் காலையில் கோலமாவுக் கிண்ணத்தை மட்டும் எடுத்தார். நான்கு புள்ளி ஐந்தானது. ஐந்து ஏழானது. சிக்குக் கோலத்தின் இழை நேரானது. அம்மா தேறி வருகிறாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை; வாசலைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அந்த மார்கழியில் ஒருநாள் கதவைத் திறக்கிறேன். தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கோலம், நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ. இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்ட அதே பாட்டி பக்கத்தில் நின்று, "இந்த மூலையில் ஒரு புள்ளி விட்டுப்போச்சு பார்" என்று அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா சிரிக்கிறார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எங்கள் அம்மா சிரிக்கிறார், ஐயா!

அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது எது என்று நீங்களே சொல்லுங்கள். தீர்ப்பை உங்கள் கையில் விடுகிறேன். நன்றி, வணக்கம்.