முகம் சிவப்பவர்களும் நல்ல கொழுப்பும்

அவையோருக்கு வணக்கம்.

இரத்தப் பரிசோதனைத் தாளில் எச்.டி.எல். என்ற வரியில் எண் கூடுதலாக இருந்தால் நமக்கு நிம்மதி. அதற்கு ‘நல்ல கொழுப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டோம். நாள்தோறும் 30 கிராம் ஆல்ககால் உட்கொள்பவருக்கு இந்த எண் சராசரியாக டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராம் உயர்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளியான கணக்கு சொல்கிறது. கூடவே டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பும் உயர்கிறது என்பதைக் குடிப்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இந்த உயர்வு எல்லார் உடம்பிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. நல்ல கொழுப்பிலிருந்து கொலஸ்டிராலை எடுத்து மற்றக் கொழுப்புத் துகள்களுக்கு மாற்றிவிடும் சி.இ.டி.பி. என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாகச் சுரக்கிறது. பிரான்சிலும் வட அயர்லாந்திலும் ஆண்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், இப்படிக் குறையச் செய்யும் மரபணு வகை நல்ல கொழுப்பை உயர்த்தியது நாளொன்றுக்கு 25 கிராம் ஆல்ககாலாவது குடித்தவர்களிடம் மட்டுமே. அமெரிக்க மருத்துவர்களை ஆராய்ந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு, ஆல்ககாலை மெதுவாகச் சிதைக்கும் நொதியைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்று, தினம் ஒரு கோப்பையாவது அருந்தியவர்களுக்கு எச்.டி.எல். மிகுதியாகவும் மாரடைப்பு குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. அன்றைக்கு அதை மதுவுக்குக் கிடைத்த நற்சான்றாகவே பலர் படித்தார்கள்.

அந்தச் சான்றைச் சோதித்துப் பார்க்க உதவியதும் மரபணுதான். கிழக்காசியரில் கணிசமானோருக்கு, ஆல்ககால் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை அகற்றும் நொதி சரிவர இயங்குவதில்லை. அரைக் கோப்பை உள்ளே போவதற்குள் முகம் குப்பென்று சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டத் தொடங்கிவிடும். ஆகவே அவர்கள் குடிப்பது குறைவு. செல்வமோ உடற்பயிற்சியோ நண்பர் கூட்டமோ தீர்மானிக்காமல், கருவிலேயே சீட்டுக் குலுக்கியதுபோல் அமைந்துவிட்ட வேறுபாடு இது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சீனாவின் 10 பகுதிகளில் தொடர்ந்து கவனித்த கடூரி ஆய்வுக் குழுவினர், இத்தகைய மரபணுக்களை வைத்தே ஆண்களைப் பிரித்துப் பார்த்து, முடிவுகளை 2019-இல் வெளியிட்டார்கள்.

மரபணு காரணமாக அதிகம் குடித்த ஆண்களுக்கு நல்ல கொழுப்பு உயர்ந்தது உண்மை. இரத்த அழுத்தமும் பக்கவாதமும் சேர்ந்தே உயர்ந்தன, மாரடைப்போ குறையவில்லை. எச்.டி.எல். எண்ணை உயர்த்தினால் இதயம் காக்கப்படும் என்ற நம்பிக்கை முன்பே ஆட்டம் கண்டிருந்தது. மேலே சொன்ன சி.இ.டி.பி.யைத் தடுத்து அந்த எண்ணை 70 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, அதை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது.

கேடு செய்தது மதுவா, அந்த மரபணுவே வேறு வழியில் செய்ததா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதே ஊர்களில், அதே மரபணுக்களைச் சுமந்த பெண்களில் வாரந்தோறும் குடித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அந்தப் பெண்களிடம், மரபணு எந்த வகையாக இருந்தாலும், பக்கவாதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.